களம் அறிந்து அணி அமைத்தல்

காணிப்பாக்கம் விநாயகரைச் சேவித்துவிட்டுச் சித்தூர் வந்தால் கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூர். இரண்டுமே இருநூறு கிலோமீட்டருக்குள். ஆனால் இரண்டு ஊரின் கிரிக்கெட் மைதானங்களும் நேர் எதிர். சேப்பாக்கத்தில் பந்து மெதுவாக வந்து சுழலும் என்பது பழைய பேர். சின்னசாமி மைதானத்திலோ எல்லைக்கோடு கிட்டக்க. ஊரும் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. தூக்கி அடித்தால் பந்து பறக்கும்.

இதை ஏன் சொல்கிறோம்? நம் பிள்ளைகள் வீரர்களின் பழைய புள்ளிவிவரங்களை வைத்துக் காகிதத்திலும் கணினியிலும் கற்பனை அணி கட்டி ஆடுகிறார்கள். அமெரிக்காவில் இது பழைய வழக்கம். ஹால் ரிச்மன் என்பவர் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' பேஸ்பால் ஆட்டத்தில் வீரருக்கு ஒரு அட்டை. பகடை உருட்டினால் முடிவு. இத்தகைய ஆட்டங்களில் மைதானத்தின் தன்மையும் கணக்கில் சேரும். செலவுக்கு வரம்பு உண்டு. அப்போது யாரை வாங்குவது?

முதல் விதி: விலை மொத்தச் சராசரிக்கு, தேவை நம் மண்ணுக்கு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் மைதானம் 1982-இல் பெரியதாக இருந்தது, செயற்கைப் புல். அங்கே பந்தை வெளியே அடிக்கும் 'ஹோம் ரன்' வீரருக்குக் காசைக் கொட்டுவானேன்? ஒயிட்டி ஹெர்சாக் வேகமாக ஓடுபவர்களைச் சேர்த்தார். 1982-இல் அந்த அணி அடித்தது 67 ஹோம் ரன்தான், ஆனாலும் சாம்பியன். நம் பக்கம் 2011-இல் சென்னை சூப்பர் கிங்ஸ், இறுதிப் போட்டி உட்பட, சேப்பாக்கத்தில் ஆடிய 8 ஆட்டங்களையும் வென்றது. அந்த இறுதிப் போட்டியில் உள்ளூர்ச் சுழலர் அஸ்வின் முதல் ஓவரிலேயே கெயிலைச் சாய்த்தார்.

இரண்டாம் விதி: களம் இரண்டு அணிக்கும் பொது. சின்ன மைதானத்தில் நம்மாள் சிக்ஸர் அடித்தால் எதிராளியும் அடிப்பான். அங்கே அரிய சரக்கு, ரன்னைக் கட்டுப்படுத்தும் பந்துவீச்சாளர். பெங்களூர் அணி பல ஆண்டுகள் பேர்பெற்ற அடிதடி ஆட்டக்காரர்களால் அறியப்பட்டது. கோப்பை மட்டும் வரவில்லை. 2025-க்கான ஏலத்தில் ஹேசில்வுட்டுக்கு 12.5 கோடி, புவனேஷ்வருக்கு 10.75 கோடி கொடுத்தது. 18-ஆவது பருவத்தில் முதல் கோப்பை கிடைத்தது.

மூன்றாம் விதி: களத்தை நம்பு, முழுக்க நம்பாதே. லீகில் 14 ஆட்டம் என்றால் 7 வெளியூரில். 2018-இல் சென்னை அணி ஹர்பஜன், தாஹிர், ஜடேஜா, கரண் சர்மா என்று சுழலர்களைச் சேர்த்தது. காவிரிப் போராட்டத்தால், ஒரே ஆட்டத்தோடு சொந்தக் களம் புனேக்குப் போயிற்று. எல்லாம் வீண்தானே என்றால், இல்லை. 2.2 கோடிக்கு வந்த குண்டூர்க்காரர் அம்பத்தி ராயுடு 602 ரன் குவித்தார். 4 கோடிக்கு வந்த வாட்சன் இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 117. கோப்பை சென்னைக்கே. இவர்கள் எந்த மண்ணிலும் ஆடுகிறவர்கள்.

மறுபக்கமும் உண்டு. 2025-இல் நூர் அகமதுக்கு 10 கோடி, அஸ்வினுக்கு 9.75 கோடி என்று சுழலுக்கு வாரிக் கொடுத்தும் சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டத்தில் 5 தோல்வி. பட்டியலில் கடைசி இடம். நூர் 24 விக்கெட் எடுத்தார்தான். ஆனால் களம் பழைய களமாக இல்லை. சேப்பாக்கத்தில் தங்களுக்குச் சாதகம் ஏதும் இல்லை என்று பயிற்சியாளர் பிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு பெங்களூர் வெளியூர் லீக் ஆட்டங்கள் 7-ஐயும் வென்றது.

ஆகவே கற்பனை அணி கட்டும் தம்பி தங்கைகளுக்கு: பெரிய தொகையை எங்கும் ஆடுகிறவருக்குக் கொடுங்கள். மைதானத்துக்கென்றே பொருந்தும் மூன்று நான்கு பேரை மலிவாகப் பிடியுங்கள். களத்தின் பழைய பேரைப் பார்க்காமல், போன பருவத்தில் அங்கே என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். உழவுக்கு முன் மண்ணைப் பார்க்கும் சித்தூர்க்காரருக்கு இது புதுசா என்ன?