கிடாரின் கணீர்க் குரல் எங்கே தொலைகிறது?

கிடாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகினால் கணீரென்று ஒலிக்கிறது. நடுவில் ஆறேழு பெடல்களை அடுக்கியதும், அதே கிடார் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. எல்லாப் பெடலையும் அணைத்தாலும் அப்படியேதான். ‘பிக்கப் சரியில்லை, வேற கிடார் வாங்கணும்’ என்று பிள்ளைகள் வீட்டில் ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான். கொஞ்சம் பொறுக்கலாம். பல நேரங்களில் குற்றவாளி கேபிள்.

பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். அதிலிருந்து வரும் சிக்னல் நோஞ்சான். கேபிளோ ஒரு கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். கிடாரிலிருந்து போர்டுக்கு 6 மீட்டர், அங்கிருந்து ஆம்ப்புக்கு 6 மீட்டர், பெடல்களுக்கு இடையே குட்டிக் கேபிள்கள் என்று சேர்ந்தால் 1,200-ஐத் தாண்டிவிடும். அது முதலில் விழுங்குவது ட்ரெபிளைத்தான். ‘ட்ரூ பைபாஸ்’ பெடல்கள் அணைத்திருக்கும்போது வெறும் கம்பிதான் என்பதால், மொத்தச் சுமையும் பிக்கப்பின் தலையில் விழுகிறது.

இதற்கு மருந்து பஃபர். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை அது. சத்தத்தைக் கூட்டாது, சிக்னலுக்குத் தெம்பு மட்டும் கொடுக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் கிடைக்கும் சில்லறைப் பாகங்களே போதும்.

மையம், டி.எல்.071 என்ற எட்டுக் கால் ஐ.சி. அதன் 2-வது காலையும் 6-வது காலையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. 9 வோல்ட்டின் பாசிட்டிவ் 7-வது காலுக்கு, நெகட்டிவ் 4-வது காலுக்கு. பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாகப் போட்டால், அவை சேரும் இடத்தில் பாதி வோல்ட்டேஜ் கிடைக்கும். அந்த இடத்திலிருந்து நெகட்டிவுக்கு 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. 3-வது காலுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கிடார் சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக அதே 3-வது காலுக்கு வர வேண்டும். 6-வது காலிலிருந்து 100 ஓம், பிறகு 10 மைக்ரோஃபாரட் (பாசிட்டிவ் முனை ஐ.சி. பக்கம்), அடுத்து அவுட்புட் ஜாக். ஜாக்கில் சிக்னலுக்கும் நெகட்டிவுக்கும் இடையே 100 கிலோ ஓம். அவ்வளவுதான்.

பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனைதான் நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் ஐ.சி. போய்விடும். பாசிட்டிவ் கம்பியில் 1என்4001 டயோடு ஒன்றைச் சேர்ப்பது நல்லது. இணைத்ததும் மல்ட்டிமீட்டரை 6-வது காலுக்கும் நெகட்டிவுக்கும் இடையே வைத்தால் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 0 அல்லது 8 காட்டினால் எங்கோ சாலிடர் தவறியிருக்கிறது. சர்க்யூட்டை உலோகப் பெட்டியில் வைத்து, பெட்டியை நெகட்டிவோடு இணைத்தால் இரைச்சல் குறையும்.

சாலிடரிங் அயர்னை எடுப்பதற்கு முன் போர்டை ஒருமுறை பார்த்துவிடலாம். முதல் பெடல் பாஸ் டியூ-3 டியூனராக இருந்தால், அதற்குள்ளேயே பஃபர் இருக்கிறது.

பஃபரின் இடம் வரிசையின் ஆரம்பம். முக்கியமான விதிவிலக்கு, ஜிமி ஹென்ட்ரிக்ஸால் புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல். அதற்கு பிக்கப்போடு நேரடித் தொடர்பு வேண்டும். முன்னால் பஃபர் வந்தால் ஒலி கரகரத்துக் குத்தும், கிடாரின் வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது. அதனால் முதலில் ஃபஸ், அதன் பின்னால் பஃபர்.