‘ஃபார்மேட் செய்யவா?’ எனக் கேட்கும் ஹார்டு டிஸ்க்... ஓகே கொடுக்கும் முன் இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா கல்யாண போட்டோ ஒன்று வேண்டும் என்று பீரோவிலிருந்து எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கை எடுத்து கம்ப்யூட்டரில் செருகுகிறீர்கள். விளக்கு எரிகிறது. ஆனால், டிரைவ் திறக்கவில்லை. ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டுகிறது. ‘சரி, பண்ணித்தான் பார்ப்போமே’ என்று கை தானாக மவுஸுக்குப் போகும். அங்கேதான் பலர் தப்பு பண்றாங்க.

டிஸ்க் கெட்டுப்போனால் சில ஆயிரம் ரூபாயில் புதுசு வாங்கிக்கலாம். உள்ளே இருக்கும் 10 வருட போட்டோக்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் டேட்டாவைக் காப்பாத்தணும், டிஸ்க்கை ரிப்பேர் செய்வதெல்லாம் அப்புறம்.

முதல் சந்தேகம் கேபிள் மேல்

பாக்கெட் சைஸ் 2.5 இன்ச் டிஸ்க்குகளுக்குத் தனி பவர் கிடையாது. யூஎஸ்பி போர்ட்டில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரையும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரையும் கொடுக்கும். டிஸ்க்கின் மோட்டார் சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் அதிக மின்சாரம் தேவை. அது போதவில்லை என்றால் விளக்கு மட்டும் எரியும், டிஸ்க் சுற்றாது. இல்லையென்றால், கனெக்ட் ஆகும் சத்தமும் துண்டிக்கும் சத்தமும் மாறி மாறிக் கேட்கும்.

என்ன செய்யலாம்? யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாகச் செருகுங்க. டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு பின்பக்க போர்ட்டில் முயற்சி பண்ணுங்க. வேறு கேபிள், அப்புறம் வேறு கம்ப்யூட்டர். அங்கே ஓடினால் பிரச்னை டிஸ்க்கில் இல்லை.

பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருக்கும். அது தொலைந்துபோனால், ‘பின் பொருந்துதே’ என்று பழைய மோடம் அடாப்டரைச் செருகாதீங்க. வோல்டேஜ் மாறினால் உள்ளே இருக்கும் போர்டு எரிந்துவிடலாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா?

கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறங்க. அங்கே நான்கு விஷயங்களில் ஒன்று தெரியலாம்.

• அளவு சரியாக இருக்கிறது, ஆனால் டிரைவ் எழுத்து இல்லை: ரைட் கிளிக் செய்து ஓர் எழுத்து கொடுத்தால் போதும். ஃபைலுக்கு ஆபத்தில்லை.

• ‘ரா’ என்று காட்டுகிறது: ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை சிதைந்திருக்கிறது. ஃபைல்கள் உள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

• ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்கிறது: இதற்கும் ஓகே கொடுக்காதீங்க. அளவையே காட்டவில்லை என்றால் கோளாறு டிஸ்க்கின் போர்டிலோ, உள்ளேயோ இருக்கலாம்.

• மேக் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய டிஸ்க்: ஆப்பிளின் ஃபைல் முறை விண்டோஸுக்குப் புரியாது. டிஸ்க் நன்றாக இருந்தாலும் ‘ஃபார்மேட் பண்ணு’ என்றே கேட்கலாம். ஒரு மேக்கில் செருகிப் பாருங்க.

காது கொடுத்துக் கேளுங்க

‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே மாதிரி சத்தம் வருகிறதா? உடனே கழற்றிவிடுங்க. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். ஒரு தூசியே அதைவிடப் பெரிசு. முனை பழுதானால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழலாம்.

ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, ஸ்க்ரூ டிரைவரால் திறப்பது எதுவும் வேண்டாம். தூசியில்லாத அறை வசதியுள்ள டேட்டா ரெக்கவரி நிறுவனத்திடம் கொடுங்க. பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, டேட்டா கிடைக்கவில்லை என்றால் பணம் உண்டா, இல்லையா என்பதை முன்பே கேட்டுக்கோங்க.

திறந்துவிட்டதா? முதலில் காப்பி

சத்தம் எதுவும் இல்லாமல் டிஸ்க் திறந்தால், போட்டோ, சர்ட்டிஃபிகேட் போன்ற திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்க. சினிமாக்கள் கடைசியில். ஒரு ஃபைலில் சிக்கினால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்க.

அதன்பிறகு ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். ‘காஷன்’ அல்லது ‘பேட்’ என்று வந்தால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம். விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ வசதியைக் கடைசியாகத்தான் ஓட்டணும். பிழையைத் திருத்த அது டிஸ்க்கிலேயே எழுதும். பலவீனமான டிஸ்க்குக்கு அதுவே பெரிய சுமை.

‘ரா’ என்று காட்டிய டிஸ்க்குக்கு ‘டெஸ்ட் டிஸ்க்’, ‘போட்டோ ரெக்’ ஆகிய இலவச மென்பொருள்கள் உதவும். மீட்கும் ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது.

ஏற்கெனவே ஃபார்மேட் கொடுத்துட்டீங்களா?

‘குயிக் ஃபார்மேட்’ என்றால் அட்டவணை மட்டும்தான் புதிதாகும். அதற்குமேல் எதுவும் எழுதாமல் நிறுத்தினால், ஹார்டு டிஸ்க்கில் மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு குறைவு. முழு ஃபார்மேட் முடிந்திருந்தால், விண்டோஸ் விஸ்டா முதல் வந்த எல்லாப் பதிப்புகளிலும் டிஸ்க் முழுக்க பூஜ்ஜியம் எழுதப்பட்டுவிடும். மீட்பது கிட்டத்தட்ட முடியாது.

ஒரே காப்பிக்குப் பேர் பேக்கப் கிடையாது

போனில் இடமில்லை என்று போட்டோக்களை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுகிறோம். ‘பேக்கப் எடுத்தாச்சு’ என்று நிம்மதியும் அடைகிறோம். உண்மையில் அது வீடு மாற்றியது மட்டும்தான். இப்போதும் இருப்பது ஒரே ஒரு காப்பி.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கிய 3-2-1 விதி எளிமையானது: 3 காப்பிகள், 2 வகைச் சேமிப்பு, அதில் 1 வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று வைத்தாலே கணக்கு சரி. ஆனால் கவனம்: போனோடு ‘சிங்க்’ ஆகும் கிளவுடில், போனில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

ஆண்டுதோறும் மார்ச் 31 உலக பேக்கப் தினம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே பீரோவில் இருக்கும் டிஸ்க்கை எடுத்து ஒருமுறை திறந்து பாருங்க. ஓடுகிறதா? அப்படியென்றால், இரண்டாவது காப்பி எடுக்க அதுதான் சரியான நேரம்.