சைடு பி எங்கே போனது?

எண்பதுகளில் தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் பக்கத்துத் தெருவில் ஒரு மியூசிக் சென்டர் இருக்கும். வாசலில் ஆளுயர ஸ்பீக்கர், உள்ளே அலமாரி நிறைய எல்.பி. ரெக்கார்டுகள், மேஜை மேல் ஒரு டெக். காலி கேசட்டையும், கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் நீட்டினால் கடைக்காரர் மனக்கணக்குப் போடுவார். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிடம். ஆறு பாட்டு தாராளமாகப் போகும். ஏழாவதை நுழைத்தால் இரண்டாம் சரணத்தின் நடுவில் டேப் தீர்ந்துவிடும். “கடைசிக்குச் சின்னப் பாட்டா ஒண்ணு சொல்லுங்க தம்பி” என்பார்.

அந்தப் பட்டியலில் ஒரே படத்தின் எல்லாப் பாட்டும் வரிசையாக இருந்ததே கிடையாது. இந்தப் படத்தில் ஒன்று, அந்தப் படத்தில் இரண்டு, நடுவில் ஒரு சோகப் பாட்டு என்று பொறுக்கித்தான் எழுதுவார்கள். சட்டப்படி பார்த்தால் அது காப்புரிமை மீறல். பட்டியல் எழுதியவர்களில் யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை.

2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்தபோது செய்ததும் ஏறக்குறைய அந்தக் கடைக்காரரின் வேலையைத்தான், இசை நிறுவனங்களின் கையெழுத்தோடு. சுமார் 2 லட்சம் பாட்டுகள், ஒவ்வொன்றும் 99 சென்ட். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாட்டுகள் விற்றன.

இசை நிறுவனங்கள் மனமுவந்து ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. அதுவரை அவர்கள் வாழைப்பழத்தைச் சீப்பாக மட்டுமே விற்றுக்கொண்டிருந்தார்கள். சீப்பில் இரண்டு கனிந்தது, மற்றது காய். ஆனால் மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். ஒரு ஹிட் பாட்டுக்காக முழு சி.டி.க்கும் காசு கொடுக்க வைத்த அந்த ஏற்பாட்டை, 1999இல் வந்த நாப்ஸ்டர் ஏற்கெனவே உடைத்திருந்தது. இலவசமாகப் போவதை 99 சென்ட்டுக்காவது விற்கலாமே என்ற நிலைக்கு அவர்கள் வந்திருந்தார்கள்.

பழம் உதிரியாக விற்க ஆரம்பித்தபின் சீப்புக்கு என்ன ஆனது என்பதுதான் கதை.

ஆல்பம் என்ற சொல்லே ஒரு பாத்திரத்தின் பெயர்தான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில் பக்கத்துக்கு 3 நிமிடம் சொச்சமே பதியும். நீளமான இசையை நாலைந்து தட்டுகளில் பிரித்துப் பதிந்து, போட்டோ ஆல்பம் போன்ற உறைகளில் செருகி விற்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யைக் கொண்டுவந்தபோது பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 1982இல் வந்த சி.டி.யில் 74 நிமிடம். இடம் கிடைத்ததும் கலைஞர்கள் நிரப்பினார்கள், சில சமயம் நிரப்புவதற்காகவே நிரப்பினார்கள். பாத்திரத்தின் அளவுக்குத்தான் எப்போதும் பாயசம்.

ஆனால் எல்.பி. காலத்தில் அந்த அளவையே கலையாக்கிக் கொண்டவர்கள் உண்டு. பிரிட்டனின் பிங்க் ஃபிளாய்ட் குழு 1973இல் வெளியிட்ட ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே அடங்கும். ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலைக்குள் கரையும். நடுவில் ஒரே ஒரு இடைவெளி, இசைத்தட்டைத் திருப்பிப் போடுவதற்கு. இதில் ஒரு பாட்டை மட்டும் வெட்டி எடுத்து விற்பது, புடவையிலிருந்து முந்தானையை மட்டும் கிழித்துத் தருவது மாதிரி.

அந்தக் குழு இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. ஆல்பத்தைப் பிரித்து விற்கக் கூடாது என்று இ.எம்.ஐ. நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அந்த விதி கையில் பிடிக்கக்கூடிய தட்டுகளுக்கு மட்டும்தான், இணையத்துக்குப் பொருந்தாது என்றது நிறுவனம். 2010 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது. ஆல்பத்தின் கலை ஒருமையைக் காக்கத்தான் விதி, விற்கும் வடிவம் எதுவானாலும் அது செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். இசை ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. 2011 ஜனவரியில் இரு தரப்பும் சமரசமாகி ஐந்தாண்டுக்குப் புதிய ஒப்பந்தம் போட்டன. அதன்படி பாட்டுகள் தனித்தனியாகவே விற்பனைக்கு வந்தன. வழக்கில் ஜெயித்தவர்களே சந்தையிடம் இறங்கி வந்தார்கள். ஏ.சி./டி.சி. ராக் குழு இன்னும் கொஞ்ச காலம் வீம்பாக இருந்தது. 2012 நவம்பரில் அதுவும் ஐட்யூன்ஸுக்குள் வந்து சேர்ந்தது.

எதிர்த்திசையில் ஒருவர் அதே கடையை வைத்தே ஆல்பத்தைக் காப்பாற்றிக் காட்டினார். 2013 டிசம்பர் 13 அன்று, முன்னறிவிப்போ டிரெய்லரோ பேட்டியோ எதுவும் இல்லாமல், பாடகி பியான்சே தன் பெயரிலேயே ஓர் ஆல்பத்தை ஐட்யூன்ஸில் இறக்கினார். 14 பாட்டு, 17 வீடியோ. முதல் சில நாட்களுக்கு முழுசாக மட்டுமே வாங்க முடியும். மூன்றே நாளில் உலகமெங்கும் 8,28,773 பிரதிகள் விற்றன. தட்டாக அச்சடித்து, லாரியில் ஏற்றி, கடைகளில் அடுக்கும் பழைய முறையில் இந்த ரகசியத்தைக் காத்திருக்கவே முடியாது. ஆல்பத்தைச் சிதறடித்த அதே இணையம்தான் இப்படியொரு ஆல்பத்தையும் சாத்தியமாக்கியது.

விற்பனை என்ற சொல்லே அடுத்து ஆட்டம் கண்டது. பாட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் போய், மாதச் சந்தாவுக்குக் கேட்கும் பழக்கம் வந்தது. கேட்பதை விற்பனையாக எப்படி எண்ணுவது? அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை 2014 டிசம்பரில் தன் ஆல்பம் பட்டியலுக்கு ஒரு வாய்ப்பாடு வகுத்தது: 10 பாட்டு டவுன்லோடு ஆனால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கு, 1,500 முறை கேட்கப்பட்டாலும் ஓர் ஆல்பம்.

இந்த 1,500ஐக் கொஞ்சம் வகுத்துப் பார்க்கலாம். 10 பாட்டு கொண்ட ஆல்பத்தை முழுசாக 150 முறை கேட்டால்தான் ஒரு விற்பனை. அதையே 25 பாட்டாக்கினால் 60 முறை போதும். 2018இல் ராப் பாடகர் டிரேக் வெளியிட்ட ‘ஸ்கார்பியன்’ ஆல்பத்தில் 25 பாட்டு. அதற்கு முந்தைய ஆண்டு பாடகர் கிறிஸ் பிரவுன் வெளியிட்டதில் 45. நாற்பத்தைந்தால் 1,500ஐ வகுத்தால் சரியாக 33⅓ வருகிறது. எல்.பி. ரெக்கார்டு நிமிடத்துக்குச் சுற்றும் வேகமும் அதுவே. தற்செயல்தான், ஆனால் பழைய தட்டு எங்கிருந்தோ சிரிப்பது போல இருக்கிறது. பின்னாளில் பில்போர்டு இந்தக் கணக்கில் சந்தாதாரர்களுக்கு ஒரு மதிப்பும் இலவசமாகக் கேட்பவர்களுக்கு வேறு மதிப்பும் வைத்தது.

ஆல்பம் நீண்டபோது பாட்டு குறுகியது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் கேட்டதாகக் கணக்கு. மூன்று நிமிடமானாலும் ஆறு நிமிடமானாலும் ஒரே கணக்கு. அப்படியிருக்க முன்னிசையை ஒரு நிமிடம் வாசித்துக் கேட்பவரைக் காக்க வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? 1986 முதல் 2015 வரை அமெரிக்க டாப் டென்னில் வந்த பாட்டுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, குரல் ஒலிப்பதற்கு முந்தைய முன்னிசை 20 நொடிக்கு மேலிருந்து 5 நொடி அளவுக்குச் சுருங்கிவிட்டதைக் காட்டியது. 2019இல் அமெரிக்கப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்த ‘ஓல்டு டவுன் ரோடு’ பாட்டின் மூல வடிவம் 1 நிமிடம் 53 நொடி. 78 சுற்றுத் தட்டுக்கே அது குட்டை.

வெளியான ஆல்பம் முடிந்த ஆல்பம் என்ற உறுதியும் போனது. ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2016இல் ‘தி லைஃப் ஆஃப் பாப்லோ’வை வெளியிட்ட பிறகும் பல வாரம் அதில் கை வைத்துக்கொண்டே இருந்தார். கலவையை மாற்றினார், குரல்களைச் சேர்த்தார், புதிதாக ஒரு பாட்டையே பின்னால் ஒட்டினார். கேட்பவர் கையில் தட்டு இல்லையே, பழையது இருந்ததற்குச் சாட்சி ஏது.

தமிழில் இந்தக் கதைக்கு வேறு ஒரு தலைவாசல். இங்கே ஆல்பம் என்றால் சினிமாப் படம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) மாதிரி படத்தை நம்பாமல் வந்த தொகுப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி ஐந்து பாட்டு, ஆறு பாட்டு. கதாநாயகன் அறிமுகத்துக்கு ஒன்று, மெலடி ஒன்று, குத்து ஒன்று, சோகம் ஒன்று. வரிசையைத் தீர்மானித்தது கதையும் கம்பெனியும். ஒரு கேசட்டில் ஒரு படம் நிறையாதபோது சைடு ஏ-யில் ஒரு படம், சைடு பி-யில் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம் என்று சேர்த்து விற்றார்கள். பெரிய படத்துக்காக வாங்கிய கேசட்டின் மறுபக்கத்தில் ஓடாத படத்தின் பாட்டு உட்கார்ந்திருக்கும். டேப்பை ஓட்டித் தள்ளினால் பேட்டரி தீரும், நாடா சிக்கினால் பேனாவை விட்டுச் சுற்ற வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்தில் கேட்டுக் கேட்டுத்தான் பல நல்ல பாட்டுகள் மனப்பாடமாயின. படம் பெயர் தெரியாமலே பாடத் தெரிந்த ஒரு தலைமுறை அப்படி உருவானது.

அதற்குப் பின் வந்த டிஜிட்டல் விற்பனை இங்கே ஏறக்குறைய நடக்கவே இல்லை. பாட்டுகளை எம்.பி.3 ஆக விற்க 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் தொடங்கிய ‘ஃபிளைட்’ கடை அடுத்த ஆண்டு ஜூனிலேயே மூடப்பட்டது. ஐட்யூன்ஸ் 2012 டிசம்பரில் இந்தியா வந்தபோது, செல்போன் கடைகளில் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தந்துகொண்டிருந்தார்கள். 50 ரூபாய்க்கு நூற்றுக்கணக்கில் கிடைப்பதை யார் ஒவ்வொன்றாக வாங்குவார்?

தமிழர்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் இசை என்றால் அது காலர் டியூன்தான். மாத வாடகை கட்டி, அரை நிமிடப் பாட்டை எடுத்து, தான் கேட்காமல் தன்னை அழைப்பவரைக் கேட்க வைக்கும் விசித்திரமான வியாபாரம். ஆனால் இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் அது ஒரு பாடம் சொன்னது: பாட்டில் அரை நிமிடம் தனியாக நின்றால் போதும். பல்லவி முந்திக்கொண்டது. அனுபல்லவி என்ற சொல்லை இப்போதெல்லாம் கச்சேரி மேடையில்தான் கேட்க முடிகிறது.

2011 நவம்பர் 16 அன்று ‘ஒய் திஸ் கொலவெறி டி’ யூடியூபில் வந்தது. ஸ்டூடியோவில் தனுஷ் மைக் முன்னால் நிற்கிறார், புது இசையமைப்பாளர் அனிருத் பக்கத்தில். கிட்டத்தட்ட அவ்வளவுதான் வீடியோ. ‘3’ படத்தின் மற்ற பாட்டுகள் வந்தது அடுத்த மாதம், படம் வந்தது 2012 மார்ச் இறுதியில். அதுவரை கேசட்டையோ சி.டி.யையோ மேடையில் ஒருவர் வெளியிட இன்னொருவர் பெற்றுக்கொள்வதுதான் வழக்கம். எல்லாப் பாட்டும் ஒரே நாளில் ஊருக்குள் வரும். கொலவெறிக்குப் பிறகு ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள் என்று தவணை முறை நிலைபெற்றது. ஆடியோ லாஞ்ச் விழாக்கள் இன்றும் நடக்கின்றன. ஆனால் அங்கே லாஞ்ச் ஆவதற்குப் பெரும்பாலும் பாட்டு மிச்சமிருப்பதில்லை, கதாநாயகனின் குட்டிக் கதை மட்டும்தான்.

தவணை முறையின் உச்சம் ‘மாஸ்டர்’. முதல் சிங்கிள் 2020 பிப்ரவரி 14இல், ஆல்பம் மார்ச் நடுவில். பிறகு ஊரடங்கு. படம் 2021 ஜனவரி 13 அன்றுதான் திரைக்கு வந்தது. பத்து மாதம் அந்தப் பாட்டுகள் படமே இல்லாமல் கல்யாண வீட்டிலும் மொட்டைமாடி நடனத்திலும் வாழ்ந்தன. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’க்குப் பின்னால் படமும் இல்லை, ஆல்பமும் இல்லை. ஒற்றைப் பாட்டாகவே உலகம் சுற்றியது.

இழப்பை மட்டும் சொன்னால் நியாயமாகாது. கேசட்டில் இடமில்லாமல் படச்சுருளோடு பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்த பின்னணி இசை இப்போது தனித் தொகுப்பாக வருகிறது. வில்லன் கதவைத் திறக்கும் 50 நொடிக்கும் ஒரு பெயர், ஒரு எண், கேட்பதற்கு ஆள். இசையமைப்பாளர்களின் உழைப்பில் பாதிக்கு மேல் இத்தனை காலம் தியேட்டரோடு முடிந்துபோனதை நினைத்தால் இது சாதாரண ஆதாயம் அல்ல.

பாட்டுகளின் வரிசைக்காக வாதாடியவர்களும் உண்டு. பாடகி அடெல் 2021 நவம்பரில் தன் ‘30’ ஆல்பத்தை வெளியிட்டபோது, பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தான் ஆல்பம் பக்கத்தில் முதலில் நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், ஸ்பாட்டிஃபை மாற்றியது. தமிழில் அந்த வரிசைக்கு மிச்சமிருக்கும் ஒரு வீடு யூடியூபின் ‘ஆடியோ ஜூக்பாக்ஸ்’. ஒரு படத்தின் எல்லாப் பாட்டும், அசையாத ஒரு போஸ்டரின் மேல், அரை மணி நேரத்துக்கு ஒரே வீடியோவாக ஓடும். கீழே ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் நிமிடம் குறித்திருக்கும், தொட்டால் நேராக அங்கே போகலாம். எந்த இடத்தை அதிகம் பேர் திரும்பக் கேட்டார்கள் என்று காட்டும் மெல்லிய சாம்பல் வரைபடத்தைச் சில வருடங்களாக யூடியூப் வீடியோ ஓடும் கோட்டின் மேலேயே வரைகிறது. விரலை வைத்து நகர்த்திப் பார்த்தால் குத்துப் பாட்டின் மேல் ஒரு குன்று, மெலடியின் பல்லவியில் இன்னொன்று. பதினெட்டாவது நிமிடத்துக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு வயலின் ஒரு நிமிடம் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறது.