செல்போனில் 'ஐஸ்பாய்': குடமா மாறி ஒளியறது எப்படி? தேடிப் பிடிக்கிறது எப்படி?

நெல்லை:-

தெருவுல ஐஸ்பாய் ஆடின காலம் மலையேறிப் போச்சு. இப்போ அதே ஆட்டம் செல்போனுக்குள்ள புகுந்து பையன்களைக் கட்டிப் போட்டிருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். இதில் ஒளியற ஆள் கதவுக்குப் பின்னாடி போய் நிற்க மாட்டான். கதவாவே மாறிடுவான்!

நாற்காலி, குடம், பீப்பாய், பூந்தொட்டி என்று எது வேண்டுமானாலும் ஆகலாம். ஒரு கோஷ்டி பொருளா மாறி ஒளியும். இன்னொரு கோஷ்டி துப்பாக்கியோடு தேடும். நேரம் முடியற வரை ஒருத்தனாவது சிக்காமல் இருந்தால் ஒளிஞ்ச கோஷ்டிக்கு வெற்றி.

இந்த வகைக்கு 'பிராப் ஹன்ட்' என்று பெயர். 'காரீஸ் மாட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் ரசிகர்கள் ஆடி ஆடியே பிரபலமாக்கினார்கள். 2017-ல் 'கால் ஆப் டூட்டி' விளையாட்டில் சேர்த்தார்கள். பிறகு அதன் செல்போன் பதிப்புக்கும் வந்தது. 'அமாங் அஸ்' விளையாட்டில் கண்ணாமூச்சிக்கு என்றே தனி ஆட்டம் 2022 டிசம்பரில் சேர்ந்தது. சுவரின் கலருக்கு ஏற்ற மாதிரி உடம்பு கலரை மாற்றி ஒட்டிக்கொள்ளும் ஆட்டங்களும் உண்டு.

சரி, ஜெயிக்கிறது எப்படி?

கலர் மட்டும் போதாது

புதுசா ஆட வர்றவங்க செய்யற முதல் தப்பு, மூலையைத் தேடி ஓடறது. தேடறவனும் முதல்ல மூலைக்குத்தான் வருவான். அனுபவசாலிகள் நடு வீட்டில், கண்ணுக்கு நேரா, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற பொருளா நின்னுடுவாங்க. தேடறவன் புறப்படற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒளியற கில்லாடிகளும் உண்டு. அந்த இடத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

அடுத்தது கோணம். டீக்கடையில் நாலு பெஞ்ச் வரிசையா கிடக்குது. அஞ்சாவது மட்டும் கோணலா கிடந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? பொருளா மாறின கையோடு சுற்றி இருக்கிற பொருட்களோடு ஒரே திசை பார்த்து நிற்கணும். நிழல் விழற பக்கத்தையும் கவனிக்கணும்.

சின்ன பொருளா மாறினால் கண்ணில் படுவது கஷ்டம். ஆனால் காரீஸ் மாட் ஆட்டத்தில் சின்ன பொருளுக்கு உயிரும் கம்மி. ஒரு குண்டு பட்டாலே கதை முடிஞ்சுது. பெரிய பீரோவா மாறினால் கொஞ்சம் அடி தாங்கும், ஆனால் ஓடி ஒளிய முடியாது. ரெண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாத்தையும் விட முக்கியம், அசையாமல் இருப்பது. தேடறவன் பக்கத்தில் வந்ததும் பதறி ஓடறவன்தான் அதிகமா மாட்டுறான். ஓடியே ஆகணும்னா அவன் முதுகைக் காட்டின பிறகு ஓடணும். அதுவும் அவன் ஏற்கனவே தேடி முடிச்ச அறைக்கு!

'பி.ஜி.எம்.ஐ.' ஆடறவங்களுக்கு இன்னொரு விஷயம். பச்சைப் புல் மாதிரி இருக்கிற 'கில்லி சூட்' போட்டு வயலில் படுத்தால் யாரும் பார்க்க முடியாது என்று நினைப்பார்கள். பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது சரி. ஆனால் ரொம்ப தூரத்தில் இருந்து பார்க்கிறவன் போனில் புல்லே முழுசா வரையப்படாது. வெறும் தரையில் ஒரு பச்சை மூட்டை கிடப்பது மாதிரி நீங்க பளிச்சென்று தெரிவீங்க.

எண்ணத் தெரிஞ்சவன் பிடிப்பான்

இப்போ தேடற கட்சிக்கு வருவோம். கண்ட பொருளை எல்லாம் சுட்டுத் தள்ளினால் பிரயோஜனம் இல்லை. காரீஸ் மாட் ஆட்டத்தில் தப்பான பொருளைச் சுட்டால் சுட்டவனுக்கே உயிர் குறையும்.

இடத்தை மனப்பாடம் பண்ணுவதுதான் வழி. அலமாரியில் எப்பவும் 3 ஜாடி இருக்கும் என்று தெரிஞ்சவனுக்கு, நாலாவது ஜாடி தானாகவே காட்டிக் கொடுத்துடும். 'ஆள் எங்கே' என்று தேடக்கூடாது, 'இங்கே என்ன மாறியிருக்கு' என்று தேடணும். பார்த்த அறையை ரெண்டாவது முறை பார்ப்பதும் அதுக்குத்தான். கால் ஆப் டூட்டியில் ஒளிஞ்சவனிடம் இருந்து அவ்வப்போது விசில் சத்தம் வரும். எல்லாரும் அந்த சத்தத்துக்கே ஓடினால் வாசல் காலியாயிடும். ஒருத்தர் வாசலில் நிற்க, மற்றவர்கள் ஓரத்தில் இருந்து அலசி வரணும்.

அமெரிக்காவுக்குப் போன இருளர்கள்

இந்த வித்தையில் உலகத்துக்கே பாடம் எடுத்தவங்க நம்ம தமிழ்நாட்டுக்காரங்கதான். அமெரிக்காவின் புளோரிடா சதுப்புக் காட்டில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள பிராணிகளைத் தின்னு தீர்த்து வந்தன. காலடியில் கிடந்தாலும் தெரியாத அளவுக்கு உடம்பு வரி புல்லோடு கலந்துடும். 2016-ல் போட்டி வைத்து சுமார் ஆயிரம் பேர் ஒரு மாசம் தேடினார்கள். சிக்கியது 106 பாம்பு.

2017 ஜனவரியில் செங்கல்பட்டு பகுதி இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் வரவழைத்தார்கள். முதல் 8 நாளில் 13 மலைப்பாம்பு! அவர்கள் பாம்பைத் தேடவில்லை, தடத்தைத் தேடினார்கள். மண்ணில் இழுபட்ட கோடு, எச்சம், உரிச்சுப் போட்ட சட்டை, வெயில் காய வசதியான மேடு. ஜாடியை எண்ணுகிற அதே கணக்குதான். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம்ம வயக்காட்டிலும் இதே ஆட்டம்

தாமிரபரணி பாசனத்தில் கார், பிசானம் என்று ரெண்டு போகம். நெல் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். அதில் ஒளியறதில் பலே கில்லாடி கண்ணாடி விரியன். பழுப்பு உடம்பில் வரிசையா கரும் புள்ளிகள் இருப்பதால், வாழைச் சருகில் கிடந்தால் அதன் உருவமே உடைந்து போகும். ஆள் வந்தாலும் பெரும்பாலும் ஓடாது, அப்படியே கிடக்கும். மிதிச்சால்தான் தெரியும். தெற்கே வறண்ட நிலங்களில் சுருட்டை விரியனும் இதே ரகம். ஒரு சாண் சொச்சம்தானே என்று அலட்சியம் கூடாது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருஷத்துக்கு சராசரியா 58 ஆயிரம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது குறிப்பிடத்தக்கது.

போனில் மாட்டினால் அடுத்த ரவுண்டு உண்டு. வரப்பில் கிடையாது. அதனால் ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறவங்க, டார்ச்சை தூரமா அடிக்காமல் கால் வைக்கப் போற இடத்தில் அடிச்சுப் பார்க்கணும். முழங்கால் வரை பூட்ஸ் போடணும். வைக்கோல் படப்பு, சருகுக் குவியலில் கையை நேரா விடாமல் கம்பால் கிளறிப் பார்க்கணும். குக்கர் ஆவி விடற மாதிரி 'உஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால் அது கண்ணாடி விரியனா இருக்கலாம். அப்படியே நின்னு, எங்கே என்று பார்த்து, மெதுவா பின்வாங்கணும்.

கடிச்சுட்டா கடிவாயைக் கீறவோ, உறியவோ கூடாது. கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கொலுசு, மெட்டி, மோதிரத்தை கழற்றிடணும், வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது. காலை அசைக்காமல் கட்டை வைத்துத் தளர்வா கட்டி, 108-ஐ கூப்பிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். பாம்பை அடிச்சு கையோடு எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள்.