'நைஸ்' என்றால் முட்டாள்!

"நைஸ்" என்ற ஆங்கிலச் சொல் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் படிக்காதவர்களும் அதைச் சொல்கிறார்கள்.

"மாவை நைசாக அரை" என்கிறாள் தாய்.

"கடன்காரனைக் கண்டதும் நைசாக நழுவிவிட்டான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நைசாகப் பேசிப் பணத்தை வாங்கிவிட்டான்" என்று புலம்புகிறார் ஏமாந்தவர்.

மூன்று இடத்தில் மூன்று பொருள். முதலில் மிருது. அடுத்து, ஓசைப்படாமல். கடைசியில் தந்திரம்!

ஆனால், ஆங்கிலேயரின் இன்றைய பேச்சில் இந்த மூன்று பொருளும் கிடையாது.

பாராட்டுச் சொல்

ஆங்கிலத்தில் "நைஸ்" பாராட்டுச் சொல். "நைஸ் காபி" என்றால் ருசியான காபி. "நைஸ் வெதர்" என்றால் இதமான வானிலை. "நைஸ் மேன்" என்றால் நல்ல மனிதர்.

புதியவரைச் சந்தித்தால், "நைஸ் டு மீட் யூ" என்பார்கள். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்பது பொருள். காபி நல்ல சூடாக இருந்தால், "நைஸ் அண்ட் ஹாட்" என்பார்கள்.

கேலிக்கும் இது உதவும். பையன் மையைக் கொட்டிவிட்டான். "எ நைஸ் மெஸ்!" என்கிறாள் தாய். "அழகாய்த்தான் இருக்கிறது, போ!" என்று நம் ஊரில் சொல்வது போல.

வம்பு எங்கே?

"அவர் நைசான ஆள்" என்று தமிழில் சொன்னால், கேட்பவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். அதையே ஆங்கிலத்தில் சொன்னால், அது நற்சான்று!

வெளிநாட்டுக் கடையில் "நைஸ் பவுடர்" கேட்டால், "நல்ல பவுடர்" என்றுதான் புரிந்துகொள்வார்கள். மிருதுவான தூள் வேண்டுமானால், "பைன் பவுடர்" என்று கேட்க வேண்டும்.

700 ஆண்டுக்கு முன்

இந்தச் சொல்லின் பிறப்பு இன்னும் வேடிக்கை. லத்தீன் மொழியில் "நெஸ்சியஸ்" என்றால் "அறியாதவன்". அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பு, "நைஸ்" என்றால் "முட்டாள்"!

பிறகு பொருள் மாறிக்கொண்டே வந்தது. எதிலும் குறை காண்பவர், நுணுக்கமானது என்றெல்லாம் ஆனது. 18-ம் நூற்றாண்டில்தான் "இனியது" என்ற பொருள் பரவியது.

நுணுக்கம் என்ற பொருள் அடியோடு மறையவில்லை. நூலிழை வேற்றுமையை "நைஸ் டிஸ்டிங்ஷன்" என்று இன்றும் எழுதுகிறார்கள்.

நாவலில் கேலி

எதற்கெடுத்தாலும் "நைஸ்" என்பது அன்றே கேலிக்கு ஆளாயிற்று. ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில எழுத்தாளர் 1817-ல் காலமானார். அந்த ஆண்டின் கடைசியில் அவரது "நார்த்தாங்கர் அபே" நாவல் வெளிவந்தது. அதில் ஓர் இளம்பெண் ஒரு புத்தகத்தை "நைஸ்" என்று புகழ்கிறாள். உடனே ஒரு வாலிபர், பைண்டு நேர்த்தியாக இருப்பதைச் சொல்கிறாயா என்று கிண்டல் செய்கிறார்!

அந்தக் கேலியில் ஒரு பாடம் இருக்கிறது. "நைஸ்" என்று மட்டும் சொன்னால் எது பிடித்தது என்பது தெரியாது. சாப்பாடு ருசியாக இருந்ததா? "டேஸ்டி" என்று சொல்லலாம். ஒருவர் அன்பானவரா? "கைண்ட்" என்று சொல்லலாம். பரீட்சையில் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கும், இன்டர்வியூவுக்குப் போகும் இளைஞர்களுக்கும் இது கைகொடுக்கும்.

யாராவது உங்களை "வெரி நைஸ்" என்று புகழ்ந்தால், "தேங்க் யூ" சொல்லுங்கள். 700 ஆண்டுக்கு முன்பு என்றால், சண்டைக்குப் போயிருக்க வேண்டும்!