நான்கு அடிப் பலகை

பரம்புக்கு எடை வேண்டும். உழுத நிலத்துக் கட்டிகளை உடைத்து, மேட்டு மண்ணைப் பள்ளத்துக்கு இழுத்துப் போக மரத்தின் கனம் மட்டும் போதாது. அதனால் பலகையின் மேல் ஓர் ஆள் ஏறி நிற்பார். ராமகுப்பத்தைச் சுற்றிய மானாவாரிக் காடுகளில் அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பையன்தான். மாடு திரும்பும்போது விழாமல் நிற்கக் கற்றுக்கொள்வது அவனுக்கு விளையாட்டு; அவன் எடை வீட்டுக்கு ஆதாயம். மேடு வந்தால் காலை அழுத்துவான், பள்ளம் வந்தால் குதித்து இறங்குவான். மண் எங்கே சேர வேண்டும் என்பது அவன் உள்ளங்காலுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அந்த வேலை டிராக்டரின் பின்னால் மாட்டும் இரும்புப் பிளேடுக்கு வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் எடை போதவில்லை. டிராக்டரின் ஹைட்ராலிக் கைகள் கருவியைத் தூக்கும், கீழே அழுத்தாது. இறங்கிய பிளேடு தன் கனத்தில்தான் மண்ணைக் கடிக்க வேண்டும். லேசான பிளேடு கெட்டித் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். எனவே அதன் சட்டத்தின் மேல் கருங்கல்லையோ மணல் மூட்டையையோ கயிற்றால் கட்டுகிறார்கள். பையன் நின்ற இடத்தில் இப்போது கல் இருக்கிறது. பையன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான்.

ராமகுப்பம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகம். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இந்தச் சீமை வடஆற்காட்டில் இருந்தது. பட்டறையில் இரும்பு அடிக்கிறவர் தெலுங்கில் விலை சொல்வார், தமிழில் திட்டுவார், பெங்களூருக்குப் போன் போட்டு உதிரிபாகம் கேட்கும்போது கன்னடம் பேசுவார். நிலம் செம்மண், கொஞ்சம் தோண்டினால் சரளை, அதற்கும் கீழே பாறை. ராகி, வேர்க்கடலை, கொள்ளு என்றிருந்த காடுகளில் கிணறும் ஆழ்துளையும் வந்த இடமெல்லாம் தக்காளியும் மல்பெரியும் ஏறின.

மல்பெரித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு பிளேடை இங்கே ஒரு பட்டறையில் பழுது பார்க்கும்போது பார்த்தேன். அகலம் நான்கு அடி. பெரிய டிராக்டருக்கு உரியதல்ல. 18 குதிரைத்திறன் வகை மினி டிராக்டருக்குச் செய்தது. 1967-இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து முதலில் பவர் டில்லர்களையும் பிறகு இந்தச் சிறு டிராக்டர்களையும் தென்னாட்டுத் தோட்டங்களுக்குள் கொண்டுவந்தது. அந்த வண்டி நுழைவதற்காகவே மல்பெரிச் செடிகள் நகர்ந்திருக்கின்றன. முன்பு செடிக்குச் செடி எல்லாப் பக்கமும் 2 அடியோ 3 அடியோ விட்டு நட்டார்கள். நடுவே மாடு போகும், களைக்கொத்து போகும். பட்டு வளர்ப்புத் துறையினர் இன்று சொல்வது இணை வரிசை: இரண்டு வரிசைகளுக்கு நடுவே 3 அடி, அடுத்த இணைக்கு முன் 5 அடி. அந்த 5 அடிச் சந்துதான் டிராக்டரின் பாதை. அன்று தோட்டத்தைப் பார்த்துக் கருவி செய்தார்கள். இன்று கருவியின் அகலத்தைப் பார்த்துத் தோட்டம் போடுகிறார்கள்.

பிளேடின் நிலை மோசம். மண்ணைச் சீவும் கீழ்விளிம்பு தேய்ந்து அலையலையாகிவிட்டது. இணைப்பு முளைகள் போகும் வட்டத் துளைகள் ஆடி ஆடி முட்டை வடிவாகியிருந்தன. முதுகுச் சட்டத்தில் ஒரு விரிசல். பலகையை இடமும் வலமும் சாய்த்து நிறுத்துவதற்கான நடு அச்சு துருவேறி இறுகி, பல பருவங்களாகத் திரும்பவே இல்லை. பழைய இரும்புக்குக் கொடுத்தால் கிலோ கணக்கில் கொஞ்சம் பணம் கிடைக்கும். புதிது வாங்கலாம், 2014-15 முதல் நடக்கும் மத்திய அரசின் இயந்திரமயத் திட்டத்தில் கருவிகளுக்கு மானியம் உண்டு. மானியமெல்லாம் புதுக் கருவிக்குத்தான், பழுதுக்கு அல்ல. உடையவர் சொன்ன காரணம் ஒன்றே: “புதுசுல இந்தக் கனம் வராதுண்ணா.”

மரக்கலப்பை காலத்தில் பழுதா புதிதா என்ற யோசனைக்கே இடமிருக்கவில்லை. பருவம் தொடங்குமுன் கொழு கொல்லன் பட்டறைக்குப் போகும். துருத்தி ஊதி, கரி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மழுங்கிய முனையை நீட்டி அடித்து, சூட்டோடு தண்ணீரில் தோய்த்துக் கொடுப்பார். கலப்பை உடல் தச்சரிடம் போகும். இரண்டுக்கும் கூலி அப்போதே கிடையாது. அறுப்பு முடிந்து களத்தில் தானியம் அளக்கும்போது பங்கு. விளைந்தால் நிறைய, விளையாவிட்டால் குறைய. கலப்பையின் பழுதும் வானத்தின் பழுதும் ஒரே கணக்கில் இருந்தன. இந்த ஏற்பாட்டில் நிம்மதி ஒன்று இருந்தது. கொல்லருக்கு வேறு தொழிலோ வேறு ஊரோ தேடும் சுதந்திரம் இல்லை என்பதும் இருந்தது. இன்றைய பட்டறைக்காரர் எரிந்த வெல்டிங் ராடுகளை எண்ணிக் காசு வாங்குகிறார். பிடிக்காத வாடிக்கையாளரிடம் ‘நாளைக்கு வா’ என்று சொல்கிறார். அவருடைய தாத்தா அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பழைய அறிவு எல்லாம் போய்விடவில்லை என்று தெரிகிறது. விரிசலின் மேல் நேரே வெல்டிங் வைக்கவில்லை. முதலில் விரிசல் முடியும் புள்ளியில் சின்னத் துளை போட்டார். இல்லையென்றால் ஓட்டம் நிற்காமல் மேலே ஏறிவிடும். பிறகு விரிசலை நெடுகக் கிரைண்டரால் பள்ளமாகச் சீவி, அடியிலிருந்து நிரப்பினார். முட்டையான துளைகளை லேத்தில் பெரிதாக்கி, உள்ளே இரும்புப் புஷ் இறக்கினார். இனித் தேய்ந்தால் புஷ் தேயும், சட்டம் தேயாது. கீழ்விளிம்புக்கு லாரியின் பட்டை ஸ்பிரிங். இந்த ஸ்பிரிங் எஃகைத்தான் நாட்டுப்புறக் கொல்லர்கள் வெகுகாலமாகக் கொடுவாளுக்கும் கொழுவுக்கும் எடுத்துவருகிறார்கள். அதைச் சாதாரண ராடால் பற்றவைத்தால் வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் நொறுங்கும் குணம் பெறும். எனவே துளையிட்டு, தலை உள்ளே அமுங்கும் போல்ட்டுகளால் பூட்டினார். ஒரு விளிம்பு தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம்.

இதே பலகையின் பெரிய வடிவமும் பக்கத்திலேயே பிறக்கிறது. கோலார் தங்கவயல் இங்கிருந்து தூரமில்லை. அங்கே பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் (1964-இல் தொடங்கியது) புல்டோசர் செய்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகும் டோசர் ஆலை நிற்கவில்லை. தங்கவயல் டோசர்கள் இமயத்தில் சாலை போடும் எல்லைச் சாலை அமைப்புக்கும் போகின்றன. ஜோஜிலா போன்ற கணவாய்களில் குளிர்காலம் முழுக்கக் குவிந்த பனியை அந்த அமைப்பினர்தான் தள்ளித் திறக்கிறார்கள். அமெரிக்காவிலோ இதே வேலையை வீட்டு வாசலில் ஒரு சின்ன வண்டி செய்கிறது. ஜான் டீர் 110 என்ற தோட்ட டிராக்டர் 1963-இல் வந்தது, குதிரைத்திறன் ஏழுதான். கோடையில் புல் வெட்டும், பனிக்காலத்தில் முன்னால் 42 அங்குலப் பலகை மாட்டிப் பனி தள்ளும். அந்தப் பழைய பலகைகளைத் துருவெடுத்து, புஷ் மாற்றி, புது விளிம்பு பூட்டி மீட்டெடுக்கிறவர்கள் அங்கே நிறைய. நம் பலகைக்கும் அதற்கும் அகலத்தில் அரையடிதான் வித்தியாசம். அந்தப் பனிப் பலகையில் ஒரு தந்திரம் உண்டு: பலகையின் பின்னால் வலுவான ஸ்பிரிங் இருக்கும், பனிக்கடியில் மறைந்த கல்லில் இடித்தால் பலகை முறியாமல் முன்னே மடங்கி, கல்லைத் தாண்டியதும் தானே நிமிரும். நம்மூர்ச் சரளைக் காட்டில் ஓடும் ஸ்பிரிங் கலப்பையும் அதே சூத்திரத்தில்தான் பிழைக்கிறது. கல்லில் பட்ட கொத்து பின்வாங்கி, கடந்ததும் திரும்பும். மாட்டுக் கலப்பைக்கு ஸ்பிரிங் கிடையாது. கல்லில் கொழு தட்டிய அதிர்வு மேழி வழியாகக் கைக்கு வரும். உழுகிறவர் ஏரைத் தூக்குவார், மாடும் நிற்கும்.

வேகத்தைப் பற்றிப் புலம்புவதற்கு நியாயமில்லை. நாட்டுக் கலப்பை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சால் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு முறை உழ 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ராமகுப்பத்திலிருந்து குப்பத்துக்குப் போகிற தூரத்தை நினைத்துக்கொள்ளலாம். அதை வெறும் காலால், உழுத கட்டியில், கலப்பையை அழுத்திக்கொண்டு. ஒன்பது கொத்துக் கலப்பை மாட்டிய டிராக்டருக்கு அதே ஏக்கர் சுமார் 2 கிலோமீட்டர். அந்த 27 கிலோமீட்டரை நடந்தவர் எப்போதும் நிலத்துக்காரர் அல்ல. கடனுக்கு ஈடாக ஜீதத்துக்கு விடப்பட்ட ஆள்தான் பல வீடுகளில் நடந்தார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. சட்டம் எழுதியதைத் தரையில் நடத்திக்காட்டியதில் டிராக்டருக்கும் பெங்களூர் ரயிலுக்கும் பங்குண்டு என்றே எனக்குப் படுகிறது. நாடு முழுவதும் 1961-62-இல் உற்பத்தியான டிராக்டர் 880. இன்று ஓராண்டில் விற்பது 9 லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த மண்டலத்தில் இன்று மாடு பூட்டி உழுவதைப் பார்ப்பது அரிது.

மாட்டோடு போனதில் பெரியது சாணம். மல்பெரிக்கு எக்டருக்கு ஆண்டொன்றுக்கு 20 டன் தொழுவுரம் போட வேண்டும் என்பது பரிந்துரை. ஏர்மாடுகள் உழுததோடு உரமும் தந்தன. டிராக்டர் டீசலைக் குடித்துப் புகையை விடுகிறது. எனவே எரு லாரியில் வருகிறது. அதை வயலில் பரப்பவும் இதே பிளேடுதான்.

அடுத்தது, என் கணக்கில் இன்னும் பெரியது, மண்ணின் கனத்தைப் பற்றிய கவனம். பரம்பு தளர்ந்த மேல்மண்ணை மட்டும் நகர்த்தும். கீழே இறங்க அதற்குச் சக்தி கிடையாது. அந்த இயலாமைதான் நிலத்துக்குக் காப்பு. மேடு குறையப் பல ஆண்டுகள் ஆகும். பிளேடு ஒரே காலையில் மேட்டைச் சீவிவிடும். செம்மண் பள்ளத்துக்குப் போகும், மேட்டில் சரளை பல்லிளிக்கும். நிலம் பார்க்கச் சமமாக இருக்கும், பயிர் சமமாக இருக்காது. சீவிய பக்கத்து மல்பெரி வெளுத்து நிற்பதை இங்கே எந்தத் தோட்டத்துக்காரரும் காட்டுவார். வரப்புகளும் இப்படித்தான் போயின. 1990-களின் கடைசியில் குப்பத்தில் இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தோடு பண்ணைத் திட்டம் வந்தபோது, சிறு நிலங்களை ஒன்றாக்கி, வரப்பை எடுத்து, சொட்டுநீர்க் குழாய் பதித்தார்கள். சொட்டுநீர் நின்றது, அதை இன்று வேண்டாம் என்பவர் கிடையாது. எடுத்த வரப்புகளைப் பற்றிய பேச்சும் நின்றபாடில்லை. மானாவாரி நிலத்தில் வரப்பு எல்லைக்கோடு மட்டுமல்ல, பெய்த மழையை அங்கேயே ஒரு பொழுது உட்கார வைக்கும் கரை.

பட்டறையில் அதிக நேரம் பிடித்தது அந்த நடு அச்சுதான். டீசல் ஊற்றி ஊறவைத்தார்கள். கேஸ் விளக்கால் சுற்றி இருக்கும் குழலை மட்டும் காய்ச்சினார்கள். குழல் விரிய வேண்டும், அச்சு விரியக் கூடாது. பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியால் தட்டத் தட்ட, துரு பொடியாக உதிர்ந்து, கடைசியில் ஒரு விரல்கடை அசைந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வெளியே வந்தது. கிரீஸ் நிப்பிள் ஒன்று புதிதாக வைத்தார்கள். முதலில் செய்தவர் அதை வைத்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

அச்சு திரும்புவதால் பலகையைச் சாய்த்து நிறுத்தலாம். நேராக நிற்கும் பலகை மண்ணை முன்னே தள்ளிக்கொண்டு போகும். சாய்ந்த பலகை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டே போகும். ஒரே தடத்தில் சில முறை ஓட்டினால் ஒதுங்கிய மண் நீளக் கரையாக எழும். உடையவர் பழுது பார்க்க வந்ததே அதற்காகத்தானாம். தோட்டத்தின் மேல்கோடியில் அவருடைய அப்பா காலத்தில் எடுத்த வரப்பை இந்தப் பலகையாலேயே திரும்பப் போடப் போகிறார். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பு யார் பக்கம் விழும் என்று கேட்டிருக்கிறார். சர்வேயர் வந்து கல் காட்டும்வரை பிளேடு கொட்டகையில் இருக்கும்.