மழைக்கு முன் சைக்கிளைப் பாருங்கள்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கண்டிப் பக்கம் மழை பலமாகப் பெய்யும். கலஹா, ஹந்தானை இறக்கங்களில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும்; பிடிப்பு பிறகுதான் வரும். அதற்குள்ளே வளைவு வந்துவிடும்! ஆகவே இறக்கம் தொடங்கும்போதே இரண்டு பிரேக்கையும் இலேசாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள்.

தேய்ந்த கட்டையை உடனே மாற்றுங்கள். செயினை மண்ணெண்ணெயால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள். ரிம்மில் ஒரு சொட்டும் படக்கூடாது. மூடுபனியில் லைட் போடுங்கள்.

“நேரமாச்சே, நாளைக்குப் பார்ப்போம்” என்று விட்டுவிடாதீர்கள். கை கால் முறிந்து வீட்டில் கிடந்தால் போகிற நாட்சம்பளத்துக்கு முன்னால், பிரேக் கட்டையின் விலை பெரிதல்ல.